பாழான மாதிரியும் "நெகட்டிவ்" என்றுதான் வரும்: ஃப்ளூ கண்காணிப்பில் தொண்டையிலிருந்து பிசிஆர் வரை

ஃப்ளூ மாதிரி கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. பால் திரிந்தால் தெரிகிறது, இரத்தம் உறைந்தால் தெரிகிறது. தொண்டையில் எடுத்த ஸ்வாப் வெயிலில் அரை நாள் கிடந்துவிட்டு வந்தாலும் குழாய்க்குள் இருக்கும் திரவம் அதே இளஞ்சிவப்பு நிறத்தில்தான் இருக்கும். பிசிஆர் இயந்திரம் (வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கித் தேடும் கருவி) ஒரு நேர்கோட்டை வரைந்து "நெகட்டிவ்" என்று சொல்லிவிடும். அந்த நெகட்டிவுக்கும், உண்மையிலேயே வைரஸ் இல்லாதவரின் நெகட்டிவுக்கும் அறிக்கையில் எந்த வித்தியாசமும் இருக்காது. சுவாச வைரஸ் கண்காணிப்பில் இருப்பவர்கள் மிகவும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு 2009ஐ நினைவுபடுத்தலாம். அந்த ஆண்டு மார்ச் 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் டியாகோ மாவட்டத்தில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. ஒரு வாரத்தில் தேறிவிட்டான். அவன் போன மருத்துவமனை ஒரு புதிய பரிசோதனைக் கருவிக்கான ஆய்வில் பங்கெடுத்துக்கொண்டிருந்ததால்தான் அவனிடம் ஸ்வாப் எடுக்கப்பட்டது. கருவி "இன்ஃபுளுவென்சா ஏ" என்று காட்டியது. ஆனால் மனிதர்களிடம் வழக்கமாகச் சுற்றும் எந்தத் துணைவகையோடும் பொருந்தவில்லை. மாதிரி மேலிட ஆய்வகங்களுக்குப் போய், ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அது பன்றிகளிடமிருந்து வந்த வைரஸ் என்று உறுதியானது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது.

2021இல் டெல்லியில் நடந்ததும் இதே வகை. ஒரு சிறுவனின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் இன்ஃபுளுவென்சா ஏ, பி இரண்டும் தெரிந்தன. ஏ எந்தத் துணைவகை என்று கையிலிருந்த கிட்டால் சொல்ல முடியவில்லை. மாதிரி புனே தேசிய வைரஸ் ஆய்வகத்துக்குப் போன பிறகு எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று தெரிந்தது. "பி பாசிட்டிவ், காரணம் கிடைத்துவிட்டது" என்று அங்கேயே நிறுத்தியிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

புதிய ஃப்ளூ பெருந்தொற்று முதல் நாளில் ஒரு ஆய்வகத்தில் இப்படித்தான் தோன்றும்: எக்செல் தாளில் ஒரு வரி. ஏ பாசிட்டிவ், ஆனால் மனிதர்களிடம் வழக்கமாகச் சுற்றும் துணைவகைகளான எச்1 நெகட்டிவ், எச்3 நெகட்டிவ். அந்த வரி கண்ணில் பட வேண்டுமானால் அதற்கு முன்னால் நடக்கும் சில்லறை வேலைகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இனி வருவது அந்தச் சில்லறை வேலைகளைப் பற்றி.

யாரிடம் எடுப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எளிது. வெளிநோயாளியானால்: அளந்து பார்த்த காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், கூடவே இருமல், தொடங்கிப் பத்து நாளுக்குள். உள்நோயாளியானால்: காய்ச்சல் இருந்ததாகச் சொன்னாலே போதும், இருமல், பத்து நாளுக்குள், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. தொண்டை வலி, மூக்கொழுகல் மட்டும் இருந்தால் இதில் சேராது. இது சிகிச்சைக்கான வரையறை அல்ல என்பதைப் பணிக்கு வரும் ஒவ்வொரு புதிய மருத்துவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லாத முதியவருக்கும் ஃப்ளூ வரும். அவருக்கு மருந்து கொடுக்கலாம். ஆனால் கண்காணிப்புக் கணக்கில் அவரைச் சேர்த்தால் இந்த வாரத்தைப் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.

பிசகு வேறோர் இடத்திலும் நடக்கிறது. வாரத்துக்கு இத்தனை மாதிரி என்று இலக்கு கொடுத்தால், வெள்ளிக்கிழமை மாலை அவசர அவசரமாக எட்டுப் பேரிடம் எடுத்து இலக்கை முடித்துவிடுவார்கள். அல்லது மிகவும் மோசமாக இருப்பவர்களாகப் பார்த்து எடுப்பார்கள். இரண்டுமே கணக்கைக் கோணலாக்கும். ஒரு விதியை வைத்து அதைவிட்டு விலகாமல் இருப்பதே நல்லது: உதாரணமாக, ஒவ்வொரு ஓபி நாளிலும் வரையறைக்குப் பொருந்தி வரும் முதல் இரண்டு பேர். அவர்கள் குழந்தையா, பெரியவரா, நோய் கடுமையா, லேசா என்று பார்க்கக் கூடாது. அதோடு அன்று மொத்தம் எத்தனை பேர் ஓபிக்கு வந்தார்கள், அதில் எத்தனை பேர் வரையறைக்குப் பொருந்தினார்கள் என்ற இரண்டு எண்களையும் எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டு எண்கள் இல்லாத பாசிட்டிவ் எண்ணிக்கைக்குப் பயன் மிகக் குறைவு. நூறு பேரில் பத்தா, ஆயிரத்தில் பத்தா என்று தெரியாமல் என்ன முடிவு எடுப்பது?

இந்தியாவில் எச்1என்1 நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்து, மூச்சுத்திணறல், மார்பு வலி, மயக்கம் போன்ற அபாயக் குறிகள் உள்ள சி பிரிவினருக்கு மட்டும் பரிசோதனை என்ற வழிகாட்டுதல் உண்டு. சிகிச்சைக்கு அது நியாயமான விதி. ஆனால் அந்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து "இந்த வருடம் ஃப்ளூ கடுமையாக இருக்கிறது" என்று எழுதுவது தவறு. கடுமையானவர்களை மட்டுமே சோதித்தால் கடுமையாகத்தான் தெரியும். கண்காணிப்பு மையத்து எண்ணையும் மருத்துவமனைப் பரிசோதனை எண்ணையும் ஒரே வரைபடத்தில் கலக்கவே கூடாது.

எந்த மாதத்தில் கவனம் அதிகம் தேவை என்பது ஊரைப் பொறுத்தது. டெல்லி, புனே, நாக்பூர், கொல்கத்தா, ஆலப்புழை போன்ற இடங்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையோடு உச்சத்துக்குப் போகிறது. சென்னையிலும் வேலூரிலும் அது அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிர் நாடுகளைப் போல. ஆகவே செப்டம்பரில் டெல்லி எண்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு இங்கே தமிழ்நாட்டில் கிட் வாங்குவதைக் குறைத்தால், ஐப்பசி அடைமழையில் கையைப் பிசைய வேண்டிவரும். தடுப்பூசி போடும் காலத்தையும் இதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்வாப் எடுக்கும் கை

நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில் எடுத்தால் வைரஸ் அதிகம் இருக்கும். பெரியவர்களிடம் ஐந்து முதல் ஏழு நாளில் வடிந்துவிடும். குழந்தைகளிடம் இன்னும் சில நாள் நீடிக்கும். படிவத்தில் "மாதிரி எடுத்த தேதி" மட்டும் எழுதி "நோய் தொடங்கிய தேதி"யை விட்டுவிடுவது வழக்கமான குறை. அந்தத் தேதி இல்லாவிட்டால் வரும் நெகட்டிவை எப்படிப் புரிந்துகொள்வது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை தொடங்கும் முன் எடுப்பது நல்லது. ஆனால் ஸ்வாப்புக்காகவோ முடிவுக்காகவோ மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பயன் அதிகம்.

ஸ்வாப்பின் முனை பாலியெஸ்டர், டேக்ரான் அல்லது நுண்ணிய நைலான் இழைகள் பதித்ததாக இருக்க வேண்டும். தண்டு பிளாஸ்டிக். பஞ்சு முனையும் மரக்குச்சியும் கொண்ட சாதாரண ஸ்வாப் கூடாது. அவற்றிலிருந்து கசியும் பொருட்கள் பிசிஆர் வினையைத் தடுக்கும். கால்சியம் ஆல்ஜினேட் முனையும் அப்படித்தான். இருப்பு தீர்ந்துவிட்டது என்று நுண்ணுயிரியல் பிரிவிலிருந்து பஞ்சு ஸ்வாப்பை வாங்கிவந்து எடுத்தால் அந்த நாள் உழைப்பு முழுவதும் வீண்.

மூக்கில் எடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு, ஸ்வாப்பை மேல்நோக்கிச் செருகுவது. மூக்கு மேலே போவதாகத் தோன்றினாலும் மூக்கின் தரை அண்ணத்துக்கு இணையாகப் பின்னோக்கித்தான் போகிறது. நோயாளியின் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஸ்வாப்பைக் காதை நோக்கிக் கிடைமட்டமாகச் செலுத்த வேண்டும். ஆழம்: மூக்குத் துளைக்கும் காதுக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதிக்குக் குறையாமல், லேசாகத் தடை தட்டும் வரை. அங்கே சில விநாடி வைத்திருந்து, மெல்லச் சுழற்றி, சுழற்றியபடியே வெளியே எடுக்க வேண்டும். நோயாளியின் கண்ணில் நீர் வராவிட்டால் ஸ்வாப் பெரும்பாலும் முன்மூக்கிலேயே நின்றுவிட்டது என்று பொருள். பாதி வழியில் தடை வந்தால் அமுக்கக் கூடாது. எடுத்துவிட்டு அடுத்த துளையில் முயல வேண்டும். மூக்குத் தண்டு வளைந்திருப்பது மிகச் சாதாரணம்.

தொண்டைக்கு வேறு ஸ்வாப். நாக்கை அழுத்தும் கட்டையால் நாக்கைக் கீழே அமுக்கி, "ஆ" சொல்லவைத்து, இரண்டு டான்சில்களையும் பின்சுவரையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். உள்நாக்கிலும் நாக்கிலும் படக் கூடாது. எச்சில் படிந்த ஸ்வாப்பில் தொண்டைச் செல்கள் குறைவாகவே இருக்கும். ஃப்ளூ வைரஸ் இருப்பது செல்களில். இரண்டு ஸ்வாப்பையும் ஒரே விடிஎம் குழாயில் (வைரஸைக் கெடாமல் எடுத்துச்செல்லும் திரவ ஊடகம் உள்ள குழாய்) போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது, செலவு கூடுவதில்லை.

எடுப்பவர் என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, மேலங்கி அணிய வேண்டும். நோயாளிக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பது நல்லது, தும்மல் நேரே வராது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை. கையுறையை மாற்றாமல் விட்டால் ஆபத்து நமக்கு மட்டுமல்ல, அடுத்த குழாய்க்கும்தான்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூக்கு ஸ்வாப் மட்டும் எடுத்துவிட்டு நெகட்டிவ் என்று திருப்தி அடையக் கூடாது. நிமோனியா முற்றிய நிலையில் மேல் சுவாசப்பாதையில் வைரஸ் இல்லாமல் நுரையீரலில் மட்டும் இருக்கலாம். மூச்சுக்குழாய் வழியே உறிஞ்சி எடுத்த சளியையும் அனுப்ப வேண்டும். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் மூக்கைவிடத் தொண்டை முக்கியம். 2024இல் அமெரிக்கப் பால்பண்ணைத் தொழிலாளர்களிடம் எச்5என்1 பெரும்பாலும் கண் சிவப்பாகத்தான் வெளிப்பட்டது. கோழிப் பண்ணையிலோ மாட்டுத் தொழுவத்திலோ வேலை செய்பவர் சிவந்த கண்ணோடு வந்தால், மூக்கு, தொண்டையோடு கண் இமையின் உட்புறத்திலும் தனி ஸ்வாப் எடுக்க வேண்டும்.

குளிர்ச்சி

விடிஎம் குழாயில் 2 முதல் 3 மி.லி. ஊடகம் இருக்கும். ஸ்வாப்பின் தண்டைக் குறித்த இடத்தில் முறித்து மூடியை இறுக்க வேண்டும். தண்டு நீளமாக விட்டுப்போனால் மூடி முழுதாக மூடாது, பயணத்தில் கசியும். கசிந்த குழாயைப் பெரும்பாலான ஆய்வகங்கள் திருப்பித்தான் அனுப்பும்.

வெப்பநிலை விஷயத்தில் ஒரே கோடு: 2 முதல் 8 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள், போனால் போகிறது 72 மணிக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் என்றால் மைனஸ் 70 டிகிரி. இரண்டுக்கும் நடுவிலான மைனஸ் 20 என்ற வீட்டு ஃப்ரீசர் நிலைதான் பலரும் விழும் குழி. "ஃப்ரிட்ஜைவிட ஃப்ரீசர் இன்னும் குளிர்தானே" என்று நினைத்து அதில் வைப்பார்கள். அந்த வெப்பநிலையில் மெல்ல உறையும்போது உப்புகள் செறிந்து வைரஸின் உறை சேதமாகிறது. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரானால் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் மாதிரி சற்று உருகி மறுபடி உறைகிறது. சனிக்கிழமை எடுத்த மாதிரியைத் திங்கள் வரை சாதாரண ஃப்ரிட்ஜில் வைப்பது மைனஸ் 20இல் வைப்பதைவிட மேல்.

எடுத்துச்செல்ல, ஆரம்ப சுகாதார நிலையங்களில் நான்கு ஐஸ் பேக் போட்ட தடுப்பூசிப் பெட்டி இருக்கும். வசதிதான். ஆனால் மாதிரிக்கென்று ஒரு பெட்டியைத் தனியாக ஒதுக்கி, பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தடுப்பூசி வைக்கும் பெட்டியில் மாதிரி வைக்கவே கூடாது. ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைத்தால் அதை ஒட்டிய குழாய் உறைந்துபோகும். உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகு போட வேண்டும்.

பொதி கட்டுவது மூன்றடுக்கு. கசியாத குழாய், அதைச் சுற்றி, உடைந்தால் திரவம் முழுவதையும் உறிஞ்சும் அளவு பஞ்சு, அதை அடக்கும் கசியாத இரண்டாம் டப்பா, வெளியே கெட்டியான பெட்டி, அதன்மேல், உள்ளே நோய் மாதிரி இருப்பதைக் குறிக்கும் யுஎன் 3373 என்ற வைர வடிவச் சீட்டு. படிவம் இரண்டாம் டப்பாவுக்கு வெளியே, பிளாஸ்டிக் உறையில். குழாயோடு சேர்த்துச் சுற்றிவைத்த படிவம் நனைந்து மை கரைந்து வந்தால், நல்ல மாதிரியும் அநாதை மாதிரி ஆகிவிடும்.

உலர்பனி (உறைந்த கரியமில வாயு) வைத்து அனுப்பும்போது இரண்டு எச்சரிக்கை. ஒன்று, உலர்பனி இரண்டாம் டப்பாவுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், வெளிப்பெட்டி காற்றுப் போக இடம் விட்டதாக இருக்க வேண்டும். அடைத்துவிட்டால் வாயு பெருகிப் பெட்டி வெடிக்கும். இரண்டு, குழாய் மூடி தளர்வாக இருந்தால் கரியமில வாயு உள்ளே கரைந்து ஊடகம் அமிலமாகிவிடும். இளஞ்சிவப்பு நிறம் மஞ்சளாக மாறி வந்த குழாயைப் பார்த்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிருமி வளர்ந்தாலும் அதே மஞ்சள்தான், ஆனால் அப்போது கலங்கலும் இருக்கும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு சந்தையில் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஊடகங்கள் நிறைய வந்துவிட்டன. பாதுகாப்பானவை, பிசிஆருக்கு நல்லவை. ஆனால் அவற்றில் எடுத்த மாதிரியை விரைவு ஆன்டிஜென் பரிசோதனைக்குப் பயன்படுத்த முடியாது. மேலிட ஆய்வகம் வைரஸை உயிரோடு ஆராயவும் முடியாது. இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: பலவற்றில் குவானிடின் தையோசயனேட் இருக்கிறது. அது சிந்திய இடத்தில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் நச்சுச் சயனைடு வாயு கிளம்பும். சிந்தினால் முதலில் தண்ணீரும் சோப்பும். கழிவு வாளியிலும் அப்படியே. குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் பிளீச் ஊற்றும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

பிசிஆர் அறையில்

மாதிரிக் குழாயைத் திறப்பது இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்பு கேபினட்டுக்குள் மட்டும். அங்கிருந்து, வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தல். நெடுவரிசைக் கிட் (ஆர்என்ஏவைப் பிடித்துவைக்கும் வடிகட்டி கொண்ட சிறு குழாய்) என்றால் வழக்கமாக 140 மைக்ரோலிட்டர் மாதிரி, 560 மைக்ரோலிட்டர் சிதைப்புக் கரைசல், பிறகு 560 மைக்ரோலிட்டர் எத்தனால், இரண்டு கழுவல், கடைசியில் 60 மைக்ரோலிட்டரில் இறக்குதல். இதில் முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாம் கழுவலுக்குப் பின் நடக்கும் அவசரம். நெடுவரிசையைப் புதுக் குழாயில் வைத்து ஒரு நிமிடம் முழு வேகத்தில் வெறுமனே சுழற்ற வேண்டும். அதைத் தவிர்த்தால் எத்தனால் ஆர்என்ஏவோடு சேர்ந்து இறங்கி, பிசிஆரைத் தடுக்கும். விளைவு: மறுபடியும் ஒரு பொய் நெகட்டிவ். குளிரூட்டிய அறையில் சிதைப்புக் கரைசலில் வெள்ளைப் படிகம் தட்டியிருந்தால் சூடாக்கிக் கரைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

2009 முதல் பரவலாகப் பயன்பட்ட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய முறையில் ஒரு வினைக்கு 25 மைக்ரோலிட்டர்: 12.5 மாஸ்டர் மிக்ஸ் (வினைக்குத் தேவையான பொருட்களின் கலவை), 0.5 என்சைம், வைரஸ் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் இரண்டு பிரைமரும், பிடித்ததை ஒளியால் காட்டும் ப்ரோபும் தலா 0.5, தண்ணீர் 5.5, அதோடு ஆர்என்ஏ 5. ஓட்டம்: 50 டிகிரியில் 30 நிமிடம், 95 டிகிரியில் 2 நிமிடம், பிறகு 45 சுற்று 95 டிகிரியில் 15 விநாடியும் 55 டிகிரியில் 30 விநாடியும். கிட்டுக்குக் கிட்டு இந்த எண்கள் மாறும்; கிட்டோடு வரும் தாளையே பின்பற்ற வேண்டும். 14 வினைகள் வரை ஒன்றுக்கும், அதற்கு மேல் இரண்டுக்கும் கூடுதலாகக் கலக்க வேண்டும். சரியாக எண்ணிக் கலந்தால் தட்டின் கடைசிக் கிணறுக்கு (வினை நடக்கும் சிறு குழிக்கு) பற்றாது. பைபெட் நுனியில் ஒட்டிக்கொள்வது அவ்வளவு.

மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் அறைக்குள் மாதிரியோ, ஓட்டி முடித்த தட்டோ வரவே கூடாது. ஓட்டி முடித்த தட்டைத் திறக்காமலே உறையில் போட்டு அப்புறப்படுத்த வேண்டும். திறந்தால் கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் கலந்து, மாதக்கணக்கில் பொய் பாசிட்டிவ் தரும். அதைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால் போதாது. ஆல்கஹால் வைரஸைக் கொல்லும். பிசிஆர் பிரதியை ஒன்றும் செய்யாது. 0.5 சதவீத ஹைபோகுளோரைட்டை அன்றன்றைக்குக் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். நேற்றுக் கலந்த கரைசல் வீரியம் இழந்திருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்று கன்ட்ரோல், அதாவது என்ன முடிவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சரிபார்ப்புக் கிணறுகள். வெறும் தண்ணீர் கிணறு: இது மாஸ்டர் மிக்ஸ் சுத்தமா என்று சொல்லும். மனித செல் மட்டும் உள்ள மாதிரி: இதை ஆர்என்ஏ பிரிக்கும் கட்டத்திலிருந்தே மற்ற மாதிரிகளோடு கூட்டிச்செல்ல வேண்டும், பிரிக்கும்போது கலப்பு நேர்ந்ததா என்று அது சொல்லும். கடைசியாகப் பாசிட்டிவ் கன்ட்ரோல். எல்லாக் கிணறுகளையும் மூடிய பிறகே இதைத் திறக்க வேண்டும்.

முடிவைப் படிக்கும்போது ஏ வகைக்கும் பி வகைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆர்என்ஏஸ் பி. அது மனித மரபணு. ஸ்வாப்பில் செல் வந்திருந்தால் அதன் ஒளி அளவு 37, 38 சுற்றுக்குள் வரம்புக் கோட்டைத் தாண்டும். தாண்டவில்லை, வைரஸும் இல்லை என்றால் அந்த மாதிரிக்கு "நெகட்டிவ்" என்று எழுதக் கூடாது. "மாதிரி போதாது, மீண்டும் அனுப்புக" என்றுதான் எழுத வேண்டும். ஒரு மையத்திலிருந்து வரும் மாதிரிகளில் ஆர்என்ஏஸ் பி தொடர்ந்து 34, 35 என்று பின்தங்கினால் அங்கே ஸ்வாப் எடுப்பவர் மூக்கின் வாசலிலேயே நிற்கிறார். தொலைபேசியில் கடிந்துகொள்வதைவிட ஒரு நாள் நேரில் போய் எடுத்துக்காட்டுவது பலன் தரும்.

ஆனால் ஆர்என்ஏஸ் பி நன்றாக வந்தால் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. மனித மரபணுவின் டிஎன்ஏவும் அந்தச் சோதனையில் பிடிபடலாம். டிஎன்ஏ வெயிலைத் தாங்கும், வைரஸின் ஆர்என்ஏ தாங்காது. முதலில் சொன்ன பாழான மாதிரி இந்த ஓட்டையில்தான் நுழைகிறது. மாதிரி வந்த வழியெல்லாம் குளிர்ச்சியைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக்கு மாற்று எதுவும் கிடையாது என்பது இதனால்தான்.

சிடி மதிப்பு என்பது கோட்டைத் தாண்டும் சுற்றின் எண்; அது குறைந்தால் வைரஸ் அதிகம். அதில் 3.3 சுற்று வித்தியாசம் என்றால் வைரஸ் அளவில் பத்து மடங்கு வித்தியாசம். அதை வைத்து ஒரே ஓட்டத்தில் உள்ள மாதிரிகளை ஒப்பிடலாம். வேறு வேறு கிட், வேறு வேறு ஆய்வகம் என்றால் ஒப்பிடக் கூடாது. நோயின் கடுமையை அதை வைத்து நோயாளியிடம் சொல்வது அறவே கூடாது. ஸ்வாப் எடுத்த கையின் திறமையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

பி வகையின் இரண்டு கிளைகளில் ஒன்றான யமகட்டா வழி பாசிட்டிவ் வந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும். 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த வழி இயற்கையில் சுற்றுவதாக உறுதியாகவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைத் தடுப்பூசியிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டது. நோயாளி அண்மையில் மூக்கில் தெளிக்கும் உயிர்த் தடுப்பு மருந்து எடுத்தாரா, ஸ்வாப் எடுத்த அறையிலேயே தடுப்பூசியும் போடுகிறார்களா, ஆய்வகத்தில் பழைய கன்ட்ரோல் சிந்தியதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும்.

எதிலும் சேராத ஏ

ஏ பாசிட்டிவ், எச்1 இல்லை, எச்3 இல்லை. இப்படி வருவதில் பெரும்பாலானவை வைரஸ் குறைவான மாதிரிகள். துணைவகைச் சோதனை, ஏ வகையைத் தேடும் சோதனையைவிடச் சற்றே உணர்திறன் குறைந்தது. ஏ சிடி 35க்கு மேல் இருந்து துணைவகை தெரியாவிட்டால் அதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஏ சிடி 30க்குக் கீழே, கோடு அழகாக எழும்பி நிற்கிறது, எச்1, எச்3 இரண்டும் தட்டையாகக் கிடக்கின்றன என்றால் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

அப்போது முதலில் அதே ஓட்டத்தில் எச்1, எச்3 பாசிட்டிவ் கன்ட்ரோல் சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். ப்ரோப் பலமுறை உறைந்து உருகியோ வெளிச்சம் பட்டோ கெட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அது சரியென்றால் மூலக் குழாயிலிருந்து புதிதாக ஆர்என்ஏ பிரித்து மீண்டும் ஓட்ட வேண்டும். பழைய ஆர்என்ஏவை மறுபடி ஓட்டுவதில் பயனில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டியவை: கோழி, வாத்து, பன்றி, மாடு இவற்றோடு பழக்கம் உண்டா, கோழிச் சந்தைக்குப் போனாரா, ஊரில் பறவைகள் செத்தனவா, பயணம், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல். அந்த மாதிரியை வளர்த்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. அது மூன்றாம் நிலைப் பாதுகாப்பு உள்ள மேலிட ஆய்வகத்தின் வேலை.

இரண்டாம் ஓட்டமும் அப்படியே என்றால் அன்றே மாநில அதிகாரிக்கும் மேலிட ஆய்வகத்துக்கும் தகவல் போக வேண்டும். 2005ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிகளின்படி, புதிய துணைவகை ஃப்ளூ ஒரே ஒரு மனிதருக்கு வந்தாலும் நாடு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மதிப்பிட்டு முடித்த 24 மணி நேரத்துக்குள். பெரியம்மை, இயற்கை போலியோ, சார்ஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே இதற்கு இணையான கட்டாயம். "இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்லலாம்" என்று தள்ளுவதற்கு அதில் இடமில்லை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த எஸ்.எஸ். ரஜுலா கப்பலோடு ஆசியக் காய்ச்சல் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. கப்பல் வர நாட்கள் ஆன காலம் அது. இன்று அதே தூரம் நான்கு மணி நேர விமானம்.

இதற்கெல்லாம் மூலக் குழாய் கையில் இருக்க வேண்டும். ஆகவே மாதிரி வந்த அன்றே, முதன்முதலாகத் திறக்கும்போதே, மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். ஒன்று அன்றைய பிசிஆருக்கு. ஒன்று மறுபரிசோதனைக்கு. மூன்றாவது மேலிட ஆய்வகத்துக்கு, மைனஸ் 70இல். ஆல்கஹாலில் அழியாத பேனாவால் எண்ணை மூடியிலும் எழுத வேண்டும், குழாயின் பக்கத்திலும் எழுத வேண்டும்; மூடி மாறிப்போவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. மூன்றாவது குழாயை எந்தப் பெட்டியில், எந்தக் கட்டத்தில் வைத்தோம் என்று பதிவேட்டில் அன்றே எழுதிவிட வேண்டும். அனுப்பும் நாள் வரை அதை யாரும் உருக்கக் கூடாது.